தன்ராஜ் தங்கமே ஜெயிக்கலைன்னு சொல்றது தப்பு

எதிராளியை சீண்டுற இளம் பிளேயர் ஒருத்தரைப் பத்தின உங்க போஸ்ட்ல "தன்ராஜ் பிள்ளையும் இந்தப் பையன் மாதிரி வாய்தான், ஒரு தங்கம்கூட ஜெயிக்கல"ன்னு எழுதியிருக்கீங்க, அது உண்மை இல்லைங்க. 1998 பாங்காக் ஆசிய கேம்ஸ்ல இந்திய ஹாக்கி டீம் கேப்டனே அவர்தான், ஃபைனல்ல தென்கொரியாவை டைபிரேக்கர்ல ஜெயிச்சோம், 1966க்கு அப்புறம் 32 வருஷம் கழிச்சு வந்த தங்கம் அது. 2003 ஆசிய கோப்பையும் அவர் கேப்டன்சிலதான். ஒலிம்பிக் மெடல் இல்லைங்கறது சரி, ஆனா 1992ல இருந்து 2004 வரை நாலு ஒலிம்பிக் ஆடினவர். கோபக்காரர்தான், யார் இல்லைன்னா, ஆனா அந்தக் கோபத்துல பாதி, பிளேயர்ஸுக்கு சரியா காசு தரலைங்கறதுக்காக, அதை அவர் கேட்டார், பாங்காக் முடிஞ்ச கையோட டீம்லேர்ந்தே அவரைத் தூக்கிட்டாங்க. பையன்கிட்ட ஸ்பீடு இருக்கு, எனக்கும் பிடிக்கும், ஆனா அவன் எதிராளியை சீண்டுறதையும் தன்ராஜோட இந்தக் கோபத்தையும் ஒண்ணா வைக்காதீங்க.