கரியன்சோலையில் முதலில் நடக்க வேண்டியவர்கள் வாய்க்கால் பாசனத்துப் பிள்ளைகள்

வார விடுமுறைகளில் பொள்ளாச்சிக்கு அருகே சேத்துமடை சோதனைச்சாவடியைக் கடந்து ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்சிலிப்புக்கு ஏறுகிற வாகனங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஓர் ஆதங்கம் எழுகிறது. தொலைதூர நகரங்களிலிருந்து வருபவர்கள் ஆனைமலைக் காட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் காட்டுத் தண்ணீரில் விளைந்ததை உண்டு வளரும் எங்கள் ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளோ, நான் விசாரித்தவரை, பெரும்பாலும் அதற்குள் கால் வைத்ததே இல்லை.

பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தில் திருமூர்த்தி அணை வழியாகப் பாசனம் பெறும் நிலம் ஏறத்தாழ 3.77 லட்சம் ஏக்கர். இயல்பாக மேற்கே ஓடியிருக்க வேண்டிய நீராறு, சோலையாறு, பரம்பிக்குளம் ஆறுகளின் தண்ணீரை அணைகளில் தேக்கி, சுரங்கங்கள் வழியாகக் கிழக்கே திருப்பி, சர்க்கார்பதி மின்நிலையத்தில் இறக்கி, காண்டூர் கால்வாய் வழியே திருமூர்த்தி அணைக்குக் கொண்டுவருகிறார்கள். பாசன நிலத்தை முறைவைத்துப் பிரித்த மண்டலங்களில் எதற்கு எப்போது மடை திறப்பார்கள் என்று எங்கள் வீடுகளில் சிறுவர்களுக்கும் தெரியும். ஆனால் மழை நின்று பல வாரங்கள் ஆன பிறகும் மலை ஓடைகளில் தண்ணீர் எப்படி வருகிறது என்று கேட்டால், அணை இருக்கிறதே என்றுதான் பதில் வரும். அணைக்கு மேலே காடு செய்கிற வேலையைப் பாடப்புத்தகத்தின் ஒரு பத்தியால் புரியவைக்க முடியாது.

அதைப் புரியவைக்க டாப்சிலிப்பை விடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அங்கே தேக்குத் தோட்டமும் சோலைக்காடும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆங்கிலேயர் காலத்தில் இங்கே வெட்டிய தேக்கு மரங்களைச் சரிவில் உருட்டிக் கீழே இறக்கினார்கள். வெட்டி மொட்டையான மலையில் மறுபடி தேக்கை வளர்த்தெடுத்த வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறை, 1933-ல் அவர் மறைந்தபின், அந்த மரங்களுக்கு நடுவிலேயே அமைந்தது. அவருடைய உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் கோடையில் அந்தத் தோட்டத்துக்குள் நடந்தால், இலையுதிர்த்த மரங்களின் கீழே காய்ந்த சருகு நொறுங்கும், வெயில் நேராகத் தரையில் விழும். அங்கிருந்து பக்கத்திலுள்ள சோலைக்காடான கரியன்சோலைக்குள் நுழைந்ததும் வெளிச்சம் மங்கி, உடம்பில் குளிர்ச்சி படுகிறது. சருகை விலக்கினால் அடியில் கறுத்த ஈரமண்ணும், அதில் வெள்ளை நூலாய்ப் படர்ந்த பூஞ்சையும் தெரிகின்றன. ஒரு பிள்ளை அந்த மண்ணைக் கையில் எடுத்துப் பிழிந்து பார்த்துவிட்டால், மழைத் தண்ணீரைக் காடு பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது என்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பாடத்தை நடத்தத் தகுதியானவர்கள் அங்கேயே வாழும் காடர், மலசர் பழங்குடி மக்கள்தான். நான் அங்கே போனபோது உடன் வந்த காடர் சமூகத்துப் பெரியவர் ஒருவர், தேக்கின் இளந்தளிரை என் உள்ளங்கையில் வைத்துக் கசக்கச் சொன்னார். கை இரத்தம் பட்டதுபோல் சிவந்தது. பிறகு உயரமான ஒரு மரப்பொந்தைக் காட்டி, பெண் இருவாய்ச்சி அதற்குள் தன்னை அடைத்துக்கொண்டு குஞ்சு பொரிப்பதையும், ஆண் பறவை சிறு பிளவு வழியாகப் பழம் ஊட்டுவதையும், பொந்துக்குக் கீழே விழுந்து முளைக்கும் விதைகளைப் பார்த்தே எந்தெந்த மரம் பழுத்திருக்கிறது என்று தாங்கள் அறிவதையும் சொன்னார். இத்தகையவர்களை வெறும் வழிகாட்டிகளாகக் கருதாமல் ஆசிரியர்களாக அழைத்து, அதற்குரிய ஊதியத்தைக் கொடுக்க வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளை முறைப்படி திறந்து, உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி தந்து உடன் அனுப்புவது நல்ல தொடக்கம். ஆழியாறு கால்வாய்க் கரையும் அந்தப் பட்டியலில் இருப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி. ஆனால் இணையத்தில் முன்பதிவு செய்து பணம் கட்டும் முறை, கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளைக்கு எட்டாது. வனத்துறை நடத்தும் இயற்கை முகாம்களைப் பாசனப் பகுதியின் ஒவ்வோர் அரசுப் பள்ளிக்கும் ஆண்டுதோறும் உறுதியாகக் கிடைக்கும்படி விரிவாக்க வேண்டும்.

கூட்டம் கூட்டமாக அழைத்துப் போகச் சொல்லவில்லை. ஒரு வழிகாட்டிக்குப் பத்துப் பதினைந்து பிள்ளைகள் போதும். அவர்கள் மூன்று கிலோமீட்டரை அரை நாளில் நடக்கட்டும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்க முடியாது. தீப்பருவத்தில் பாதைகளை மூடுவதை முழுமனதுடன் ஆதரிக்கிறேன். அது இருவாய்ச்சி கூட்டுக்குள் அடைந்திருக்கும் காலமும்கூட. வரையாடு மேயும் அக்காமலைப் புல்வெளி போன்ற இடங்கள் எப்போதும் மூடியே இருக்கட்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெருமழை ஓய்ந்த செப்டம்பரும், டிசம்பர், ஜனவரி மாதங்களும் போதும். அட்டை கடிக்கும் என்று பெற்றோர் தயங்கக்கூடும். நீளக் காலுறையும் கொஞ்சம் உப்பும் இருந்தால் சமாளித்துவிடலாம்.

செலவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாய்க்கால் தூர்வார நாம் ஊர் ஊராகப் பணம் திரட்டியிருக்கிறோம். ஒரு பள்ளிக்கு ஒரு பேருந்து வாடகையும் மதியச் சாப்பாடும் அதைவிடப் பெரிய தொகையல்ல. அடுத்த மண்டலத் தண்ணீர் திறப்புக்கு முன் நடக்கும் எங்கள் பாசன சபைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக முன்மொழியப் போகிறேன். மற்ற சபைகளில் இருக்கும் நண்பர்களும் தங்கள் கிராமத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசி, வனச்சரக அலுவலகத்துக்கு எழுத்துபூர்வமாக விண்ணப்பம் கொடுங்கள்.