கொரியாவுக்குக் கிளம்புமுன் ஹங்குல்

தென் கொரியாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் வணக்கத்துக்கும் நன்றிக்குமாகப் பத்துச் சொற்றொடர்களை மனப்பாடம் செய்துகொண்டு புறப்படுகிறார்கள். அந்த நேரத்தில் கொரிய மொழியின் ஹங்குல் எழுத்துகளைக் கற்றுக்கொள்வதே மேல் என்பேன். கேள்வியை ஒப்பித்துவிடலாம், வரும் பதில் புரியாது; சுவரில் எழுதியிருப்பதோ நாம் எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை அங்கேயே இருக்கும்.

அடிப்படை எழுத்துகள் 24தான்: மெய் 14, உயிர் 10. மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கிய இந்த எழுத்துகளை அறிவாளி ஒரு காலைப்பொழுதிலும் மந்தமானவர் பத்து நாளிலும் கற்றுவிடலாம் என்று 1446ஆம் ஆண்டின் விளக்க நூலே சொல்கிறது. எனக்கு ஐந்து மாலைகள் ஆயின; எந்த வகையில் சேர்வேன் என்று தெரியவில்லை. ‘ந்’ ஒலிக்கான எழுத்தின் வடிவம் மேல்நோக்கி எழும் நாக்கு நுனி, ‘ம்’ ஒலிக்கான எழுத்தின் வடிவம் வாயைக் குறிக்கும் சிறு கட்டம் என்று அறிந்தபின் மறப்பது கடினம். மெய்யும் உயிரும் ஒரே கட்டத்துக்குள் அமர்வது, உயிர்மெய்யோடு வளர்ந்த நமக்குப் புதிதல்ல. ‘பாம்பு’ என்பதில் இரண்டு பகரமும் வெவ்வேறாக ஒலிப்பதைப் போலவே, அங்கும் சில எழுத்துகளின் ஒலி இடத்துக்கேற்ப மாறும்.

சோல் நகரில் ஒரு சிறு நூடுல்ஸ் கடையில் தண்ணீர் வரும் என்று வெகுநேரம் காத்திருந்தேன். எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் நான்கே கட்டங்கள். முதலாவது ‘முல்’, அதாவது தண்ணீர். கடைசி இரண்டையும் கூட்டினால் ‘செல்ப்பு’. ஆங்கில ‘செல்ஃப்’தான், காஃபியை நாம் காப்பியாக்கியதுபோல ‘ஃப்’ ஒலி பகரமாகியிருக்கிறது. நாமே எடுத்துக்கொள்ள வேண்டுமாம்! எழுந்துபோய்க் குவளையை எடுத்தேன். நிலத்தடி ரயில் நிலையங்களில் ஆங்கிலப் பெயர் உண்டு. இத்தகைய கடைகளின் விலைப்பட்டியலில் பெரும்பாலும் கிடையாது. படிக்கத் தெரிந்தாலே பொருள் விளங்கிவிடாது என்பது உண்மைதான். ஆனால் இப்படி ஆங்கிலத்திலிருந்து போன சொற்கள் ஏராளம், அவை உச்சரித்த மாத்திரத்தில் பிடிபடும்.

ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வேன்: ஆங்கில எழுத்துப்பெயர்ப்பின் வழியாகக் கற்காதீர்கள். அதைப் பார்த்துத்தான் பலர் சோல் நகரைச் ‘சியோல்’ என்கிறார்கள். கொரிய எழுத்தில் அது ‘ஸொ’, ‘உல்’ என்ற இரண்டு கட்டங்களுக்கு நெருங்கியது. ஆங்கிலத்தில் இ, யு (eu) என்று இரண்டு எழுத்துகளால் குறிக்கப்படும் உயிர் பலரைத் திணறடிக்கிறது. நமக்கு அது ‘பஸ்ஸு’ என்னும்போது உதடு குவியாமல் கடைசியில் ஒலிக்கும் குற்றியலுகரம். பேருந்தைக் கொரியர்கள் சொல்வதும் ஏறக்குறைய அப்படித்தான்.