தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் எஞ்சின் குளிருமா?

"நுவரெலியா போகும் வழியில் றம்பொடை ஏற்றத்துக்கு முன்னால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியுங்கள், எஞ்சின் சூடேறவே ஏறாது." பழைய மொரிஸ் மைனர், ஒஸ்டின் கார் வைத்திருப்பவர்களுக்கு வட்ஸ்அப்பில் வரும் அறிவுரை இது. தவறு.

தெர்மோஸ்டாட் ஒரு கதவு, அவ்வளவுதான். எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் ஏறத்தாழ 80 பாகையைத் தாண்டியதும் திறந்து, அதைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்கு வழிவிடும். எஞ்சின் கொதிக்கும் நேரத்தில் அது ஏற்கனவே அகலத் திறந்துதான் இருக்கும். அதைக் கழற்றி என்ன லாபம்? நுவரெலியாக் குளிரில் எஞ்சின் சூடாகவே நேரமெடுக்கும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எண்ணெயில் ஈரமும் கசடும் சேரும். மூடியபடியே இறுகிப்போன தெர்மோஸ்டாட் சூடேற்றும் என்பது உண்மை. கழற்றிக் கொதிக்கும் தண்ணீர்ச் சட்டியில் போட்டுப் பாருங்கள். திறக்காவிட்டால் புதியதை மாட்டுங்கள்.

நான் முதலில் சந்தேகப்படுவது ரேடியேட்டர் மூடியை. உயரம் கூடக்கூடத் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும்; சுமார் 1,870 மீற்றர் உயர நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்தால்தான் அந்தக் கொதிநிலை உயரும். ரப்பர் காய்ந்த மூடி அழுத்தத்தைப் பிடிக்காது. அப்புறம் தளர்ந்த ஃபேன் பெல்ட், கசடு அடைத்த ரேடியேட்டர்.

ஹட்டன் டவுன் நெரிசலில் நிற்கும்போது ஃபேன் எஞ்சின் வேகத்தில்தான் சுற்றும். நியூட்ரலில் போட்டு அக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மிதியுங்கள், காற்று கூடும். ஏற்றத்தில் டொப் கியரில் திணறவிடாமல் கியரைக் குறையுங்கள். சூடான மூடியைத் திறக்க மட்டும் போகாதீர்கள், முகம் வெந்துவிடும்.