தடை செய்தவர்கள் டாக்டரிடம் சொன்னார்களா?

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் அதை இங்கே மறுபடி பகிரப் போவதில்லை. சீட்டில் நிமசுலைடு என்ற வலிநிவாரணி ஊசி எழுதிக் கொடுத்த ஒரு இளம் கால்நடை உதவி மருத்துவரை டிஸ்பென்சரி வாசலிலேயே நிற்கவைத்து, "தடை பண்ணின மருந்துன்னு தெரியாதா, நீங்கல்லாம் என்னத்தப் படிச்சீங்க" என்று ஒருவர் கேட்கிறார். அந்தப் பெண்ணுக்குப் பேச்சு வரவில்லை. கீழே அத்தனை சிரிப்புப் பொம்மைகள். நானும் ஒரு அரசுக் கால்நடை மருத்துவர்தான், பேசாமல்தான் இருந்தேன். நேற்று எங்கள் துறையைச் சேர்ந்தவரே "இப்போது வருகிற பிள்ளைகள் புத்தகத்தைத் தொடுவதில்லை" என்று எழுதியதைப் பார்த்த பிறகு இருக்க முடியவில்லை.

அந்த மருந்தை எழுதியது தவறு. அதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. மாட்டுக்குப் போடும் வலிநிவாரணி பாறு கழுகைக் கொல்லும் என்பது தெரியாதவள் அல்ல நான். டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி போட்ட மாடு செத்து, அதைக் கழுகு தின்றால் அதன் சிறுநீரகம் செயலிழக்கும். உள்ளுறுப்புகள் மேல் யூரிக் அமிலம் சுண்ணாம்பு பூசியதுபோலப் படியும், சில நாட்களில் செத்துவிழும். 2004-இல் பாகிஸ்தானில் செய்த ஆய்வு இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நூறு மாட்டுச் சடலத்தில் ஒன்றுக்கும் குறைவானதில் மருந்து இருந்தாலே அந்த இனம் சரிந்துபோகும் என்று கணக்கிட்டார்கள். நீலகிரி அடிவாரத்தில் நம் மாயாறுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகள் எவ்வளவு அரியவை என்பது அந்தப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆகவே "கழுகுக்காக மாட்டை வலியில் விடச் சொல்கிறார்களா" என்று கேட்பவர்களோடு நான் இல்லை. கழுகைக் கொல்லாத வலிநிவாரணிகள் மெலோக்சிகாம் இருக்கிறது, டோல்ஃபினமிக் அமிலம் இருக்கிறது. வேலை நடக்கும்.

என் கேள்வி வேறு. தடை செய்தவர்கள் டாக்டரிடம் சொன்னார்களா?

வரிசையாகப் பாருங்கள். 2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபெனாக்குக்குத் தடை. மனிதர்களுக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டதால் 2015-இல் மூன்று மில்லிக்கு மேல் குப்பி கூடாது என்றார்கள். 2023 ஜூலையில் கீட்டோப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்ற இரண்டு வலிநிவாரணிகளுக்கும் தடை. இதில் அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறுகிறது. 2024 கடைசியில் நிமசுலைடு. கோழி, மாடுகளுக்கு கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக் கூடாது என்று 2019-இல் வந்தது தனிக் கதை. நாங்கள் கல்லூரியில் "போடலாம்" என்று படித்துவிட்டு வந்த மருந்துகள் ஒவ்வொன்றாக "போடக்கூடாது" பட்டியலுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. அது நல்லதும்கூட. ஆனால் ஆணை டெல்லியில் வெளியான அன்றைக்கும், ஏதோ ஒரு கிராமத்து டிஸ்பென்சரியில் சீட்டு எழுதும் கைக்கும் நடுவில் என்ன இருக்கிறது?

மெடிக்கல் ரெப் இருக்கிறார். அவ்வளவுதான் இருக்கிறது. அவர் விற்பதைச் சொல்வார், அது அவர் வேலை. விற்க முடியாமல் போனதைச் சொல்வது அவர் வேலை இல்லை. தெருமுனைக் கடையில் பழைய சரக்கு தீரும்வரை அலமாரியில் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். எனக்கு இந்தத் தடைகளில் ஒன்று தெரியவந்தது செய்தித்தாளில், இன்னொன்று கூடப் படித்த தோழி அனுப்பிய வாட்ஸப்பில். எழுத்தில் எதுவும் என் மேசைக்கு வந்ததாக நினைவில்லை.

"கையில் போன் இருக்கிறதே, தேடிப் படிக்கலாமே." இதைத்தான் நிறையப் பேர் கேட்கிறீர்கள். சரி, பேசுவோம். காலையில் வாசலில் கட்டிக்கிடக்கும் மாடு, ஆடு, நாய். நடுவில் சினை ஊசி. பத்து மணிக்கு மேல் "கன்னு குறுக்கே நிக்குது டாக்டரம்மா, உடனே வாங்க" என்று ஒரு அழைப்பு. அங்கே தோள்வரை கையை விட்டுத் திருப்பி எடுத்துவிட்டு வந்தால் காப்பீட்டுக்குப் பிரேதப் பரிசோதனை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கோமாரித் தடுப்பூசிச் சுற்று, அது முடிவதற்குள் கால்நடைக் கணக்கெடுப்பு, அது முடிவதற்குள் இலவச ஆடு. பக்கத்து டிஸ்பென்சரியில் ஆள் இல்லை என்றால் அதுவும் நம் தலையில். இதற்குப் பிறகும் நாங்கள் படிக்கிறோம், ராத்திரியில் படிக்கிறோம். ஆனால் ஒரு மருந்து தடை செய்யப்பட்டதே தெரியாதபோது எதைத் தேடுவது? இருக்கிறது என்று தெரிந்த கேள்விக்குத்தான் கூகுள் பதில் சொல்லும்.

"அரசு சம்பளம் வாங்குகிறீர்கள்" என்பவர்களுக்கு: ஆமாம், வாங்குகிறோம். அதனால்தான் கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் அரசுக்கு இருக்கிறது.

பயிற்சி நடக்கவே இல்லையா என்று கேட்கலாம். நடக்கிறது. வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை, ஒரு தீவனக் கம்பெனியின் படக்காட்சி, சாப்பாடு, சான்றிதழ், குழுப் புகைப்படம். மேடையில் இருப்பவர்களில் மடிநோய் மாட்டைப் போன வாரம் தொட்டவர் யார் என்று தேடினாலும் கிடைக்க மாட்டார். இதை வருத்தத்தோடுதான் சொல்கிறேன், ஏனென்றால் உருப்படியான பயிற்சி எப்படி இருக்கும் என்பதையும் நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை மாடுகளுக்கான ஸ்கேன் பயிற்சிக்குப் போனேன். சொற்பொழிவு கொஞ்சம்தான், மீதி நேரமெல்லாம் கொட்டகையில். கருவியை எங்கள் கையில் கொடுத்து, திரையில் சினையைக் காட்டும் அந்தச் சின்னக் கறுப்பு வட்டம் தெரியும்வரை விடவே இல்லை. கையால் தடவிப் பார்த்தால் ஒன்றரை, இரண்டு மாதம் ஆனால்தான் சினையை உறுதியாகச் சொல்ல முடியும். ஸ்கேனில் முப்பது நாளிலேயே தெரிந்துவிடும். சினை இல்லை என்று சீக்கிரம் தெரிந்தால் அடுத்த பருவத்திலேயே ஊசி போடலாம். ஒரு பருவம் தவறினால் இருபத்தொரு நாள் தீவனம் வீண். இரண்டே மாடு வைத்திருக்கும் வீட்டில் அது எவ்வளவு பெரிய தொகை என்று மாடு வளர்ப்பவர்களைக் கேளுங்கள். அந்தப் பயிற்சி இன்றும் எனக்குச் சோறு போடுகிறது. அப்படி ஒன்று கிடைக்க ஏன் இத்தனை வருடம் காத்திருக்க வேண்டும்?

இங்கிலாந்தில் கால்நடை மருத்துவர் ஆண்டுக்கு 35 மணி நேரத் தொடர்கல்வியை முடித்துப் பதிவு செய்ய வேண்டும். என்னிடம் இதுவரை "இந்த வருடம் புதிதாக என்ன கற்றாய்" என்று யாரும் கேட்டதில்லை. எத்தனை ஊசி போட்டாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள்.

தோல் கழலை நோய் பரவிய காலத்தை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை. 2019-இல் ஒடிசாவில் வந்தது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் 2022-இல் கொத்துக்கொத்தாக மாடுகள் செத்தன. எங்கள் பக்கம் உடம்பெல்லாம் கட்டியோடு முதல் மாட்டைக் கூட்டிவந்த அக்கா, நான் வாய் திறக்கும் முன்பே போனை நீட்டினார். அதில் "இந்தப் பாலைக் குடித்தால் மனிதர்களுக்கும் வரும்" என்று ஒரு பொய். அதற்குக் கீழேயே வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்துக் கொடுக்கும் மூலிகை மருந்து, அது நல்ல குறிப்பு. இரண்டும் எனக்கு முன்பே அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. கடிக்கும் ஈ, கொசு, உண்ணி வழியாகப் பரவும், மனிதருக்கு வராது, பாலைக் காய்ச்சிக் குடிக்கலாம், ஆட்டம்மைத் தடுப்பூசி போடலாம் என்று நான் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கையைவிடச் சந்தேகம்தான் அதிகம். அந்தப் பாலை வாங்க ஆள் இல்லாமல் சில நாட்கள் கீழே கொட்டினார். அந்த மாட்டின் கன்று பிழைக்கவில்லை. சரியான செய்தி என் வழியாக முதலில் போயிருந்தால் அந்தப் பாலாவது மிஞ்சியிருக்கும்.

தனியார் டாக்டர்கள் தாங்களாகக் கற்றுக்கொள்கிறார்களே என்பதற்கு எனக்குப் பெரிய பதில் இல்லை. அவர்களில் நிறையப் பேர் நகரத்தில் நாய், பூனை பார்ப்பவர்கள். கருத்தரங்குக்குப் போக ஒரு நாள் கடையை மூடலாம். நான் ஒரு நாள் டிஸ்பென்சரியைப் பூட்டினால் மறுநாள் எனக்கும் ஒரு வீடியோ வரும்.

அந்தப் பெண்ணைக் கேள்வி கேட்டவர் நல்ல எண்ணத்தில் கேட்டிருக்கலாம். ஆனால் அதே கேள்வியை அந்த ஊசியை விற்ற கடைக்காரரிடம் கேட்கவில்லை, தயாரித்த கம்பெனியிடம் கேட்கவில்லை, ஆணையை எங்களுக்கு அனுப்பாதவர்களிடம் கேட்கவில்லை. வெயிலில் வாசலில் நின்ற இருபத்தைந்து வயதுப் பெண்ணிடம் கேட்டார். அவள் எளிதாகக் கிடைத்தாள்.

வீடியோவுக்குப் பிறகு அவசரமாக ஒரு பயிற்சி அறிவித்திருக்கிறார்கள். கட்டாயம் வர வேண்டுமாம். போவேன். தடை ஆணை வந்த அதே வாரத்தில் ஒவ்வொரு டிஸ்பென்சரிக்கும் தமிழில் ஒரு பக்கம், மாற்று மருந்தும் அளவும் போட்டு, யார் அனுப்புவார்கள் என்று கேட்பேன். மேடையில் இருப்பவர் பெயர் சொல்லிப் பதில் தரவேண்டும். கிடைக்கும் பதிலை அப்படியே இங்கே எழுதுகிறேன்.