தரை கொடுக்க மனசில்லை என்று சொல்லுங்கள்

தங்கச்சி மகன் பிறந்தநாளுக்கு நான் கொடுத்து, திங்கட்கிழமை காலை ஆட்டோவில் திரும்பி வந்த அந்தப் பொம்மைக் கோட்டைப் பெட்டியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் வரிசையாகப் போன் போட்டுக் கேட்டுவிட்டீர்கள். குடும்ப வாட்ஸாப் குழுவில் நடந்ததையும் பாதிப் பேர் பார்த்துவிட்டீர்கள். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. ஒரே ஒரு வரிக்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். "இந்தக் காலத்துப் பசங்களுக்கு இவ்ளோ பெரிய பொம்மை செட்டெல்லாம் பிடிக்காதுங்க, காலம் மாறிப்போச்சு" என்று ஒருவர் எழுதினார். பதினோரு பேர் அதற்குக் கட்டைவிரல் தூக்கினார்கள்.

பிடிக்காது என்று யார் சொன்னது? பையன் சொன்னானா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காட்பாடி காந்தி நகரில் தங்கச்சி வீட்டு ஹாலில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். கேக் வெட்டியதும் அவன் முதலில் பிரித்தது என் பெட்டியைத்தான். இரண்டடி உயரக் கோட்டை. இரண்டு பக்கமும் கோபுரம், நடுவில் கயிற்றைச் சுற்றினால் இறங்குகிற பாலம், மாடியில் காலை வைத்தால் கீழே விழுகிற பொறிக்கதவு, ஆறு வீரர்கள், ஒரு குதிரை. மாட்டி முடித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "மாமா, இது நம்ம கோட்டையா?" ஆமாம் என்றேன். "அப்ப அகழி எங்க?"

எழுந்து அடுப்படிக்குப் போனான். எவர்சில்வர் தாம்பாளத்தில் தண்ணீர் பிடித்து, இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு, தளும்பத் தளும்பக் கொண்டுவந்து பாலத்துக்கு முன்னால் வைத்தான். வேலூர் அகழியில் முதலை விட்டிருந்த கதை இந்த ஊரில் எந்தப் பிள்ளைக்குத் தெரியாது? பக்கத்து வீட்டுப் பெண், பத்து வயது இருக்கும், அதுவரை சோபாவில் போனில் மூழ்கிக் கிடந்தவள், எழுந்து பால்கனிக்குப் போய் நாலு துணி கிளிப் கொண்டுவந்து தண்ணீரில் போட்டாள். முதலை. அமுக்கினால் வாயைத் திறக்கும், வீரன் காலைக் கவ்வும். அப்புறம் இரண்டு மணி நேரம் ஐந்து பிள்ளைகள் அந்தத் தரையைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. ஒருவர்கூடப் போன் கேட்கவில்லை. கடைசியில் இடம் கேட்டது யார் தெரியுமா? பெரியவர்கள். "பந்தி போடணும், தட்டு வைக்க எடமில்ல, இதை மொதல்ல எடுங்க."

இவ்வளவுதான் நடந்தது. இதைப் பார்த்த பிறகும் பிள்ளைகளுக்குப் பிடிக்காது என்று எழுத எப்படி மனசு வருகிறது? பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. நமக்குத்தான் தரை கொடுக்க மனசில்லை. அதைச் சொல்லுங்கள், நான் கேட்டுக்கொள்கிறேன்.

"விலையைப் பார்த்தியா?" என்பீர்கள். பார்த்தேன், கொடுத்தேன். அது என் பணம். பிள்ளை அழுதால் நாம் கையில் திணிக்கிற போனின் விலையில் பாதிகூட இல்லை. வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. அதனால் பெரிய செட் இங்கே எட்டாத விலைக்குப் போனது உண்மை. விலை எட்டவில்லை என்பது வேறு, பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு. இரண்டையும் போட்டுக் குழப்ப வேண்டாம்.

பொம்மைக்கடைக்காரர் ஒருவரிடம் போன மாதம் இதையேதான் கேட்டேன். பெரிய பெட்டி ஏன் வாங்கி வைப்பதில்லை என்றேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. "சார், அதுல பாதி காத்து. லாரிக்காரன் எடையைப் பார்க்க மாட்டான், எடத்தைப் பார்ப்பான். அந்த ஒரு பெட்டி நிக்கிற எடத்துல முப்பது கார் பாக்கெட் தொங்கவிடலாம்." கடையிலும் அதே கதைதான் பாருங்கள். பிள்ளைகள் கேட்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. இடம் என்றுதான் சொன்னார்.

சரி, இடத்துக்கே வருகிறேன். "இரண்டு பெட்ரூம் வீட்ல எங்க வைக்கிறது?" மாப்பிள்ளை கேட்டதும் இதுதான். நியாயமான கேள்வி மாதிரித்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஹாலில் ஏழு பேர் உட்காருகிற சோபா இருக்கிறது, வீட்டில் இருப்பது மூன்று பேர். கண்ணாடி டீபாய் இருக்கிறது, பையன் ஓடினால் அதில்தான் இடித்துக்கொள்கிறான். ஷோகேஸ் நிறைய யாரும் தொடாத சாமான். இத்தனைக்கும் இடம் கிடைத்தது. இரண்டடிக்கு இரண்டடி மட்டும் கிடைக்கவில்லை.

கொசப்பேட்டையில் நாங்கள் இருந்தது ஒண்டுக் குடித்தனம். ஒரு அறை, ஒரு அடுப்படி, அவ்வளவுதான். அப்பாவுக்கு ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனியில் வேலை. 1990 வாக்கில், வருஷத்துக்கு ஒரு தடவை போனஸ் வந்ததும், எனக்கு ஒரு ஜி.ஐ. ஜோ பொம்மை வாங்கித் தருவார். எம்.ஆர்.எஃப்-பும் அமெரிக்கப் பொம்மைக் கம்பெனி ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து 1987-ல் தொடங்கிய ஃபன்ஸ்கூல் அதை இங்கேயே செய்து விற்ற காலம் அது. மூன்றே முக்கால் அங்குல வீரன். இடுப்புக்குள் ஒரு கறுப்பு ரப்பர் வளையம் இருக்கும். அது அறுந்தால் மேல் உடம்பு தனியாக, கால் தனியாக வந்துவிடும். பூக்கடை ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி அப்பாதான் மாட்டிக் கொடுப்பார். அப்புறம் அவன் கொஞ்சம் தளர்ந்தே நிற்பான், ஆனாலும் நிற்பான்.

அமெரிக்காவில் அதே வீரர்களுக்கு 1985-ல் விமானம் தாங்கிக் கப்பல் ஒன்று விட்டார்கள். யு.எஸ்.எஸ். ஃபிளாக். ஏழரை அடி நீளம். நாங்கள் நாலு பேர் படுத்த அறையில் அது மூலைக்கு மூலை அடைத்துக்கொண்டிருக்கும். எங்களுக்கு அது படத்தில்கூடக் கிடைக்கவில்லை, பெரியவனான பிறகுதான் பார்த்தேன். ஆனால் எங்களுக்குக் கோட்டை இருந்தது. கம்பெனியில் கழித்த அட்டைப் பெட்டிகளை அப்பா சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வருவார். நானும் தங்கச்சியும் அதை வெட்டி, கோதுமை மாவுப் பசை காய்ச்சி ஒட்டி, வேலூர் கோட்டை கட்டினோம். அப்போது அவளுக்கு ஐந்து வயது. எதிர் வீட்டில் கொலு வைப்பார்கள். கடைசிப் படிக்குக் கீழே பார்க் போடுகிற இடத்தில் அந்த வருஷம் எங்கள் கோட்டையை வைக்கச் சொன்னார்கள். அகழிக்கு முகம் பார்க்கும் கண்ணாடி, கரையெல்லாம் முளைவிட்ட கேழ்வரகு. ஜி.ஐ. ஜோதான் சிப்பாய். அவர்கள் வீட்டு மரப்பாச்சிதான் திப்புவின் மகள். 1806 ஜூலையில் சிப்பாய்கள் எழுந்தது அந்தப் பெண்ணின் கல்யாணச் சமயத்தில்தான் என்று ஆயா சொல்லியிருந்தார். ஆற்காட்டிலிருந்து வெள்ளைக்காரத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டைக்குள் புகுந்தான் என்று பாடத்தில் இருக்கிறது. எங்கள் கோட்டையில் அவன் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. கதவைச் சாத்திவிட்டு, இரண்டு கையையும் வைத்து அழுத்திப் பிடித்துக்கொள்வது தங்கச்சியின் வேலை.

ஒன்பது நாளும் பெரியவர்கள் அந்தக் கோட்டையைத் தாண்டித் தாண்டித்தான் சுண்டல் கொடுத்தார்கள். யாரும் எடு என்று சொல்லவில்லை. பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் பெரியவர்கள் ஒதுங்கி நடந்தார்கள். இதைத்தான் நான் சொல்கிறேன். வேறொன்றும் சொல்லவில்லை.

இப்போது ஒருவர் கேட்பார், "அட்டையிலேயே அவ்வளவு சந்தோஷம்னா, கடையில வாங்குற பிளாஸ்டிக் எதுக்கு?" இந்தக் கேள்விதான் என்னை இரண்டு நாளாகத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. எல்லாம் ஒட்டித் தயாராக வருகிற கோட்டையில் பிள்ளைக்குக் கற்பனைக்கு என்ன மிச்சம் என்று நானே யோசித்தேன். ஆனால் தாம்பாளம் அந்தப் பெட்டிக்குள் வரவில்லையே. துணி கிளிப் வரவில்லையே. கோட்டை தரையில் ஓர் இடத்தைப் பிடித்து உட்கார்ந்தது, மிச்சத்தைப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே சேர்த்துக்கொண்டார்கள். சின்ன கார் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை தனியாக விளையாடலாம். கோட்டை என்றால் ஐந்து பேர் சுற்றி உட்கார வேண்டும். ஒருவன் பாலம், ஒருவன் குதிரை, ஒருவன் முதலை. அட்டை இன்றைக்கும் போதும்தான், ஆனால் பசை காய்ச்சிப் பக்கத்தில் உட்கார ஆள் வேண்டும். அதற்கு யார் தயார்? நானும் ராத்திரி எட்டு மணிக்குத்தான் சத்துவாச்சாரிக்கு வந்து சேருகிறேன். அதனால்தான் வாங்கினேன்.

இன்னொருவர், "இதெல்லாம் இப்போ நாற்பது வயசுக்காரங்க அலமாரியில வைக்கிறதுக்குத்தான்" என்றார். அது பொய்யில்லை. ஹாஸ்ப்ரோ 2018-ல் ஸ்டார் வார்ஸ் படப் பொம்மை வீரர்களுக்காக நாலடி நீளப் படகு ஒன்றை அறிவித்தது. 500 டாலர். 5,000 பேர் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்தால்தான் செய்வோம் என்றார்கள். அதற்கு மேலேயே சேர்ந்தார்கள். வாங்கியதில் என் வயசு ஆட்களும் இருப்பார்கள். சின்ன வயதில் கிடைக்காததை இப்போது வாங்கிக்கொள்கிறார்கள், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெரியவன் தனக்கென்றால் நாலடிக்கு இடம் பண்ணிக்கொள்கிறான் அல்லவா? அந்த இடத்தைப் பிள்ளைக்குப் பண்ணினால் என்ன குறைந்துவிடும்?

வெளிநாட்டுக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சொன்னவருக்கு ஒன்றே ஒன்று. ஃபன்ஸ்கூலின் தொழிற்சாலை ஒன்று நம் ராணிப்பேட்டையில்தான் இருக்கிறது. 2019 வரைக்கும் அது வேலூர் மாவட்டம். பொம்மை செய்கிற கை நம் ஊர்க் கை. நம் வீட்டில் பொம்மைக்கு இடம் இல்லை என்றால் எனக்கு வலிக்கத்தான் செய்யும்.

உண்மையில் எனக்கு வலித்தது பொம்மைக்காகவா என்று கேட்டால், முழுக்க இல்லை. தாய்மாமன் கொண்டுபோய் வைத்த பொருளை, மறுநாள் காலை எட்டரை மணிக்கு, பிரவுன் டேப் போட்டு ஒட்டி, முகம் தெரியாத ஆட்டோக்காரரிடம் கொடுத்து அனுப்புவார்களா? "சார், உங்க பார்சல்" என்றார் அவர். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு போன் பண்ணியிருந்தால் நானே வண்டியில் வந்து எடுத்துக்கொண்டு போயிருப்பேன். வாரத்தில் ஒரு நாள் மட்டும் கொண்டுவா என்றிருந்தால் கொண்டுவந்திருப்பேன். கோட்டைக் கதவை என்னோடு சேர்ந்து அழுத்திப் பிடித்தவளுக்கு இது தெரியாதா? மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை, அவர் எங்களோடு அந்தக் கோட்டையைக் கட்டியவர் இல்லை.

நேற்று ராத்திரி டேப்பைப் பிரித்து எல்லாவற்றையும் தரையில் எடுத்து வைத்தேன். பாலத்துக் கயிறு இன்னும் ஈரமாக இருந்தது. குதிரை இருந்தது, கொடி இருந்தது, பொறிக்கதவு இருந்தது. வீரர்களை எண்ணினேன். ஐந்து பேர்தான். பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன், அட்டை மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஆறாவது ஆள் இல்லை.

தங்கச்சி, இதை நீ படித்தால் அவனிடம் எதுவும் கேட்காதே. பைக்குள்ளும் தேடாதே. கோட்டை இங்கே ஹாலில் ஜன்னல் ஓரமாக இருக்கிறது, டிவி ஸ்டாண்டை நகர்த்திவிட்டேன். சனிக்கிழமை அவனை நானே வந்து கூட்டிக்கொண்டு வருகிறேன். முடிந்தால் நீயும் வா.