மார்க்கைத் திருத்திய கை

'டார்' படத்தை நேற்று ராத்திரி மறுபடியும் பார்த்தேன். டாட் ஃபீல்ட் 2022இல் எடுத்தது. 158 நிமிஷம். முதல் அரைமணி நேரம் பேச்சு, பேச்சு, வெறும் பேச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேட் பிளான்செட்தான் லிடியா டார். பெர்லின் பில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவின் தலைமைக் கண்டக்டர், அதாவது முன்னால் நின்று கையசைத்து வாத்தியக்காரர்களை நடத்துபவர் (நமக்கு பஸ் ஞாபகம் வந்தால் என்ன செய்ய). நிஜத்தில் அந்த நாற்காலியில் இதுவரை ஒரு பெண்கூட உட்கார்ந்ததில்லை. வயலின் வரிசையில் முதல் பெண்ணைச் சேர்த்ததே 1982இல்தான். படத்தில், டாரிடம் முன்பு பயிற்சிக்கு வந்த கிறிஸ்டா என்ற இளம்பெண் தற்கொலை செய்துகொள்கிறாள். பழி டார் மேல் வருகிறது.

"அந்தம்மா தப்புப் பண்ணாங்கன்னு படத்துல எங்கப்பா காட்டுறாங்க?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். வாஸ்தவம்தான். கிறிஸ்டாவின் முகத்தைக்கூட நாம் சரியாகப் பார்ப்பதில்லை.

ஆனால் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு செல்லோ (பெரிய வயலின் மாதிரி ஒரு வாத்தியம்) வாசிக்க ஆள் எடுக்கும் அந்த ஆடிஷன்? வாசிப்பவர் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகவே நடுவில் திரை கட்டியிருப்பார்கள். ஆணா பெண்ணா, யாருக்கு வேண்டியவர், எதுவும் தெரியாமல் காது மட்டும் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்பது ஏற்பாடு. சற்றுமுன் கழிவறையில் டார், ஓல்கா என்ற ரஷ்யப் பெண்ணைப் பார்த்திருக்கிறார். திரைக்குக் கீழே தெரியும் காலணி ஆள் யாரென்று காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஏற்கெனவே போட்ட மார்க்கைத் திருத்துகிறார். சத்தமே இல்லை. ஓல்கா நன்றாக வாசிக்கிறவள்தான், அதனால் யாருக்கும் உறுத்தவும் இல்லை. நண்பர் கேட்ட தப்பு எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. தனக்குப் பிடித்தவளுக்கு மார்க்கைக் கூட்டிய அதே கைதான், கிறிஸ்டாவைச் சேர்க்காதீர்கள் என்று மற்ற ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு மெயில் அனுப்பியது. அவள் செத்த பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்ததும் அதே கைதான். மடியில் கனமில்லாதவர் எதற்கு அழிக்கவேண்டும்?

கடைசிக் காட்சிதான் எனக்குக் கொஞ்சம் கடுப்பு. பெர்லினில் வேலை போய், தென்கிழக்கு ஆசியாவில் ஏதோ ஓர் ஊரில் வீடியோ கேம் இசையை நடத்துகிறார். இதைப் பெரிய வீழ்ச்சி என்று எழுதித் தள்ளினார்கள். ஏன், ஆசியாவில் வாசிப்பது தண்டனையா?

ஒன்று மட்டும் அபாரம். படத்தின் தொடக்கத்தில், காலமே தன் கைவீச்சில்தான் ஓடுகிறது என்கிற மாதிரிப் பேட்டி கொடுத்தவர் அவர். இங்கே ஹெட்ஃபோனை மாட்டிவிடுகிறார்கள். மெஷின் சொல்லும் தாளத்துக்கு அவர் கை அசைக்கவேண்டும்.

எல்லோரும் டார் முகத்தையே பார்த்திருப்பார்கள். நான் அவர் எதிரே வாசிக்க உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனையும் சின்ன வயசு முகங்கள். கிறிஸ்டா என்று ஒருத்தி இருந்ததை அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?