இங்கிலாந்தின் கிராமப்புற மாளிகைகளை அழித்தவை ஜெர்மன் குண்டுகளா?

இங்கிலாந்து நிலக்கிழார்களின் கிராமப்புற மாளிகைகளில் பெரும்பாலானவை இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் குண்டுவீச்சால் அழிந்தன என்று பகிரப்படும் செய்தி தவறானது. பிளிமத் அருகேயுள்ள மவுண்ட் எட்ஜ்கம் போன்ற சில மாளிகைகள் குண்டுக்கு இரையானது உண்மைதான். மற்றவற்றில் பலவற்றை உரிமையாளர்களே இடித்தார்கள். 1870-களில் தொடங்கிய மலிவான தானிய இறக்குமதியால் குத்தகை வருமானம் சரிந்தது; 1894-இல் வந்த எஸ்டேட் வரி, உரிமையாளர் இறக்கும்போதெல்லாம் சொத்தைக் கரைத்தது; படையினர் தங்கிச் சிதைத்த கட்டடங்களைப் போருக்குப் பின் செப்பனிடப் பணமில்லை. ஸ்டாஃபர்ட்ஷயரின் டிரெந்தம் மாளிகையோ, மட்பாண்டத் தொழில் நகரங்களின் கழிவுநீர் டிரெண்ட் ஆற்றில் கலந்து, தோட்டத்து ஏரியே நாறிப்போனதால் கைவிடப்பட்டு, முதல் உலகப் போருக்கு முன்பே பெரும்பகுதி இடிக்கப்பட்டது. இடிப்பு 1950-களில் உச்சத்தை எட்டியது. பாதுகாப்புப் பட்டியலிலுள்ள கட்டடத்தை இடிக்க முன் அனுமதி கட்டாயம் என்ற சட்டம், வருந்தத்தக்க தாமதத்துடன், 1968-இல்தான் இயற்றப்பட்டது.